கம்பம் பன்னீர் திராட்சைக்கு இத்தாலியில் ஓர் உறவு

தமிழகத்தின் தேனி மாவட்டத்தில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் பெயரும் தரமும் அது விளையும் மண்ணோடு சேர்ந்தவை என்று சட்டம் ஏற்றுக்கொள்வதே புவிசார் குறியீடு. நம் நாட்டில் சரவாக் மிளகும் பாரியோ அரிசியும் இந்தத் தகுதி பெற்றவை.

கம்பத்துக்கே உரியதென்று உறுதியாகிவிட்ட இந்தப் பழத்துக்கு வட இத்தாலியின் மலைநாட்டில் ஒரு நெருங்கிய உறவு இருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி.

இரண்டு திராட்சைகளின் பிள்ளை

பன்னீர் திராட்சையின் அனைத்துலகப் பெயர் மஸ்கட் ஹம்பர்க். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் ஸ்னோ என்ற தோட்டக்காரர் உருவாக்கிய இனம் இது. இதன் பெற்றோர் எவை என்பதை 2003இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. ஒன்று, மணத்துக்குப் பேர்போன மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. மற்றொன்று, வட இத்தாலியில் ஸ்கியாவா என்று அழைக்கப்படும் கறுப்புத் திராட்சை. பன்னீர் திராட்சையின் ரோஜா வாசம் முதலாவதிடமிருந்து வந்தது. கருநீல நிறம் இரண்டாவதிடமிருந்து வந்தது.

1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தத் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை ரசம் தேவை என்பதால், பாதிரியார் ஒருவர் கொடி நட்டதில் வியப்பில்லை. ஆனால் மஸ்கட் ஹம்பர்க் பிறந்ததே அந்த ஆண்டுக்குப் பிறகுதான். ஆகவே அவர் கொண்டுவந்தது வேறோர் இனமாக இருந்திருக்கலாம். இன்றைய பன்னீர் திராட்சை பின்னர் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இரு மொழி பேசும் ஒயின் நாடு

ஸ்கியாவாவின் சொந்த ஊர், ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய ஆல்டோ அடிஜே. முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலியின் கைக்கு வந்த வட்டாரம் அது. அங்கு பெரும்பான்மையினர் ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள். அவர்கள் தங்கள் மண்ணைத் தென் திரோல் என்றும், ஸ்கியாவாவை வெர்நாட்ச் என்றும் அழைக்கிறார்கள். ஊர்ப் பெயர்ப் பலகைகளிலும் ஒயின் போத்தல்களிலும் இரு மொழிகளையும் காணலாம்.

ஸ்கியாவாவில் தயாராகும் ஒயின் வெளிர் சிவப்பு நிறத்தில், துவர்ப்பு குறைவாக இருக்கும். கால்டாரோ ஏரிக்கரை ஒயின் இதற்குப் பேர்போனது. ஒரு காலத்தில் அவ்வட்டாரத் தோட்டங்களில் பெரும்பகுதி இந்தக் கொடிதான். கூடுதல் விலை தரும் வெள்ளைத் திராட்சை இனங்கள் பரவியதால், இன்று அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இதே கொடி இங்கிலாந்தில் வேறு பெயரில் வாழ்கிறது. லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நடப்பட்ட புகழ்பெற்ற திராட்சைக் கொடி ஸ்கியாவாதான். அது இன்றும் காய்க்கிறது.

பந்தல் ஒன்று, பருவம் வேறு

ஆல்டோ அடிஜேயில் ஸ்கியாவாவைப் பழைய முறைப்படி பந்தலில் படரவிடுவார்கள். கம்பத்திலும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில்தான் கொடியை வளர்க்கிறார்கள். ஒற்றுமை அத்தோடு முடிகிறது.

இத்தாலியில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. விவசாயிதான் அதற்குப் பருவத்தை உண்டாக்குகிறார். தேயிலைத் தோட்டத்தார் நன்கறிந்த கவாத்துதான் அந்த வழி. கவாத்து செய்த சுமார் நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வரும். இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை வரை எடுக்கலாம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் வருகிறது.

தண்ணீருக்கும் ஒரு வரலாறு உண்டு. பென்னிகுவிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறது. சுருளிப்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கொடி பச்சைப் பந்தலாகப் படர்ந்திருக்கிறது.

பெயர் கிடைத்தது, விலை?

பன்னீர் திராட்சை விதையுள்ளது, தோல் மெலிது, நாள்கணக்கில் தாங்காது. பழுத்த நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். அறுத்த பழத்தை உடனே விற்றாக வேண்டியிருப்பதால், வியாபாரி சொல்லும் விலைக்கே பல நேரங்களில் விவசாயி இறங்கிப்போகிறார். புவிசார் குறியீடு பிறர் அந்தப் பெயரைத் திருடாமல் காக்கும். அது விலைக்கு உத்தரவாதம் தராது.

இந்த இடத்தில்தான் இத்தாலிய உறவினரிடம் கற்க ஒன்று இருக்கிறது. ஆல்டோ அடிஜேயில் சுமார் 5,000 விவசாயிகள் இருக்கிறார்கள். பெரும்பாலோரிடம் இருப்பது சிறு நிலமே. 1893இல் ஆண்ட்ரியானோ, டெர்லானோ ஆகிய ஊர்களில் அவர்கள் கூட்டுறவு ஒயின் ஆலைகளைத் தொடங்கினர். இன்று அவ்வட்டார ஒயினில் சுமார் 70 விழுக்காடு கூட்டுறவு ஆலைகளில்தான் தயாராகிறது. அறுவடையை ஆலையில் ஒப்படைத்தால், ஒயின் விற்ற வருமானம் உறுப்பினருக்கே திரும்புகிறது. பழம் அழுகிவிடுமே என்று அஞ்சி வந்த விலைக்கு விற்கும் நிலை அவர்களுக்கு இல்லை.

இது நமக்குப் புதிய பாடமல்ல. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் தவித்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கைச் சேர்த்த தொழிலாளர்களின் பணத்தில், கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால் வெட்டியவர்களே தோட்டத்தின் பங்குதாரர் ஆனார்கள்.

கம்பத்து விவசாயிகளுக்கும் அடுத்த தேவை அதுவே. குளிர்பதனக் கிடங்கும், பழச்சாறோ உலர்திராட்சையோ ஒயினோ தயாரிக்கும் ஆலையும் அவர்கள் கையிலேயே இருந்தால், பன்னீர் திராட்சை என்ற பெயரின் பலன் அந்தப் பந்தலுக்கடியில் உழைக்கிறவர்களைச் சேரும்.