வீடே பள்ளிக்கூடம்!

ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்ட். அங்கே லாஸ்லோ போல்கார், கிளாரா என்ற ஆசிரியர் தம்பதி வாழ்ந்தார்கள்.

ஒரு நாள் அவர்களுடைய மூத்த மகள் சூசன் அலமாரியைக் குடைந்தாள். சதுரங்கக் காய்கள் கிடைத்தன. ஆசை பிறந்தது.

அந்த ஆசையையே பாடமாக்கினார் தந்தை. 1973-ல் 11 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்கு ஒரு போட்டி நடந்தது. சூசன் ஆடிய 10 ஆட்டங்களிலும் வென்றாள். அப்போது வயது 4!

அதிகாரிகள் எதிர்ப்பு

வீட்டில் படிப்பதை அதிகாரிகள் எதிர்த்தார்கள். பெற்றோர் விடவில்லை. போராடி அனுமதி வாங்கினார்கள். குழந்தைகள் பரீட்சைக்கு மட்டும் பள்ளிக்குச் சென்றார்கள்.

பாடத் திட்டம்

தன் பாடத் திட்டத்தை 1989-ல் போல்கார் புத்தகமாக எழுதினார். தினமும் விருப்பப் பாடம் 4 மணி நேரம். அயல்மொழி 1 மணி நேரம். பொதுப் பாடம் 1 மணி நேரம். உடற்பயிற்சி 1 மணி நேரம். வேடிக்கை பேசிச் சிரிக்கவும் நேரம் உண்டு!

வெற்றி

தங்கைகள் சோபியா, ஜூடித் இருவரும் அக்காள் வழியில் வந்தார்கள். 1988-ல் பெண்கள் ஒலிம்பியாடில் ஹங்கேரி தங்கம் வென்றது. அந்த அணியில் மூவரும் இருந்தார்கள்.

1991-ல் ஜூடித் 15 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனாள். 1996-ல் சூசன் உலக மகளிர் சாம்பியன்!

உங்கள் குழந்தை எதைக் கண்டால் துள்ளுகிறது? கவனியுங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.