கோட்டைகளைத் தேடி – 11: ஆள் இல்லாத அரண்மனை

1050-ஆம் ஆண்டு ஜூலை 16. பேரரசர் மூன்றாம் ஹைன்ரிஷ், எதிரே நிற்கும் ஒரு பெண்ணின் கையிலிருந்த காசைத் தன் கையால் தட்டிவிடுகிறார். காசு விழுந்ததும் அவள் அடிமை இல்லை. அந்தக் காலத்து ஜெர்மானிய வழக்கத்தில் விடுதலைச் சடங்கு அவ்வளவுதான். அவள் பெயர் சிகேனா. ரிஹோல்ஃப் என்ற பிரபுவின் பண்ணையில் இருந்தவள். அதற்கு முன்னும் பின்னும் அவளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அவளுக்காக எழுதிய அந்தச் சாசனத்தில்தான் நியூரம்பெர்க் என்ற ஊரின் பெயர் முதன்முதலாக ஏட்டில் ஏறியது. ஓர் அடிமைப் பெண்ணின் விடுதலைப் பத்திரமே பிறப்புச் சான்றிதழாக அமைந்த ஊர்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்?

சென்ற வாரம் ரோத்தன்பர்க் மதில்மேல் நடந்தோம். அங்கிருந்து கிழக்கே, ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம் இந்த நியூரம்பெர்க். சந்தைச் சதுக்கத்திலிருந்து வடக்கே ஏறினால் பழைய நகர மன்றம், செபால்டஸ் தேவாலயம், பிறகு செங்குத்தான கல் பாவிய தெரு. தெரு முடிகிற இடத்தில் செம்மணற்கல் பாறை. கோட்டை அந்தப் பாறையின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது. எது பாறை, எது சுவர் என்று சில இடங்களில் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புனித ரோமப் பேரரசுக்குத் தலைநகரம் என்று ஒன்று இருந்ததில்லை. அரசர் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார். சபை, வழக்கு, திருமணம், படையெடுப்பு எல்லாம் போகிற வழியிலேயே நடக்கும். ஓர் ஊரில் தானியமும் வைக்கோலும் தீர்ந்தால் அடுத்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். அப்படி வந்து தங்கக் கட்டிய இருப்பிடங்களில் பெரிய ஒன்று கைசர்பர்க் என்ற இந்தக் கோட்டை. 1050-லிருந்து 1571 வரை பேரரசர் பட்டம் தரித்தவர்கள் எல்லோரும் இங்கே ஒரு தடவையாவது தங்கியிருக்கிறார்கள். நான்காம் கார்ல் ஐம்பது தடவைக்கு மேல் இந்த ஊருக்கு வந்தவர். 1356-இல் அவர் வெளியிட்ட ‘பொன் முத்திரைச் சாசனம்’, புதிதாகத் தேர்வாகும் அரசர் தன் முதல் பேரரசு சபையை நியூரம்பெர்க்கில்தான் கூட்ட வேண்டும் என்று விதித்தது. அந்தச் சாசனத்தின் முதல் பகுதி வெளியானதும் இதே ஊரில்.

இவ்வளவு பெருமையைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். மாளிகைக் கட்டடத்தில் பெரிய பெரிய கூடங்கள். மர உத்தரம், மரத்தரை, வெள்ளைச் சுவர். நடுவே கொஞ்சம் கண்காட்சிப் பலகைகள். கட்டில் இல்லை, சிம்மாசனம் இல்லை. எனக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் போய்க்கொண்டிருந்தது. மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா போலிருக்கிறது. “ஏண்டா, ராஜா வீடுன்னு சொன்னே, உட்கார ஒரு நாற்காலிகூட இல்லையே?” என்றார். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா” என்று மகன் நெளிந்தான்.

அப்பா கேட்டது மிகச் சரியான கேள்வி. பதில் இன்னும் சுவாரசியமானது: அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. அரசர் இல்லாத நாட்களில் இந்தக் கூடங்கள் வெறுமையாகக் கிடக்கும். அவர் வருகிறார் என்று தகவல் வந்தால்தான் ஊர் பரபரக்கும். மேசை, படுக்கை, சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணி எல்லாம் கீழே ஊரிலுள்ள வணிகச் செல்வந்தர் வீடுகளிலிருந்து இரவல் வாங்கி மலையேறும். நம் ஊர் ஆற்றங்கரை மண்டகப்படி மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உற்சவர் எழுந்தருளும் அன்று தோரணம், விளக்கு, பந்தல். மறுநாள் வெறும் கல். பல அரசர்கள் அந்த இரவல் ஏற்பாடும் வேண்டாம் என்று ஊருக்குள் செல்வந்தர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே கணப்பு இருந்தது, நல்ல சாப்பாடு இருந்தது. பாறை உச்சியில் காற்றுதான் இருந்தது.

ஆகவே இந்தக் கோட்டையின் கதையை அரசர்களை வைத்துச் சொன்னால் முக்கால்வாசி நாட்கள் விட்டுப்போகும். வீட்டுக்காரர் இல்லாதபோது வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? இதற்காகவே ஒரு சண்டை நடந்தது.

அரசரின் பெயரால் காவல் காக்க பர்க்கிராஃப் என்ற பதவியில் ஒரு பிரபுக் குடும்பத்தை அமர்த்தியிருந்தார்கள். அவர்களுக்கு இதே பாறையின் கிழக்குப் பக்கத்தில் தனிக் கோட்டை. ஊரில் வணிகம் பெருகி நகர மன்றத்தின் கை ஓங்க ஓங்க, பிரபுவுக்கும் மன்றத்துக்கும் ஆகவில்லை. 1377-இல் மன்றம் ஒரு காரியம் செய்தது. பர்க்கிராஃபின் கோட்டைக்குப் பக்கத்திலேயே ஓர் உயரமான கோபுரம் கட்டி, அவர் முற்றத்தில் நடப்பதையெல்லாம் மேலிருந்து பார்க்க ஆள் போட்டது. அண்டை வீட்டு மாடியில் கண்காணிப்புக் கேமரா மாட்டிய மாதிரி என்று எழுதத் தோன்றுகிறது. வேண்டாம், இது அதைவிட மோசம். 1420-இல் பவேரியப் படை வந்து பர்க்கிராஃபின் கோட்டையைக் கொளுத்தியது. 1427-இல் அந்தக் கரிந்த இடிபாட்டை நகர மன்றமே விலைக்கு வாங்கிக்கொண்டது.

விற்ற குடும்பத்தின் பெயர் ஹோஹென்சோல்லர்ன். அவர்கள் பிராண்டன்பர்க்கை ஆண்டு, பிரஷ்யாவின் அரசர்களாகி, 1871-இல் ஜெர்மன் பேரரசர்களாகவே ஆனார்கள். ஒரு நகர மன்றத்திடம் வாடகை வீட்டுத் தகராறில் தோற்றவர்களின் வம்சம் என்று பெர்லினில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

மன்றம் அந்த இடத்தை வீணாக விடவில்லை. 1377-இல் கட்டிய தன் கோபுரத்துக்கும் பழைய ஐங்கோணக் கோபுரத்துக்கும் நடுவே 1494–95-இல் ஹான்ஸ் பெஹைம் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு பெரிய தானியக் களஞ்சியம் ஒன்றைக் கட்டியது. பேரரசர் வந்தால் கீழ்த்தளத்தில் குதிரைகள் நிற்கும். அதனால் இதற்கு இன்றும் ‘பேரரசர் லாயம்’ என்றே பெயர். இப்போது அது இளைஞர் விடுதி. முதுகுப்பையோடு வருகிறவர்கள் அதில் தங்கலாம். பேரரசர்கள் அனுபவித்ததைவிட நல்ல கணப்பு உத்தரவாதம்.

கோட்டையில் நான் அதிக நேரம் நின்றது இரட்டைத் தேவாலயத்தில். சுமார் 1200-இல் கட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஆலயங்கள். கீழே உள்ளது தாழ்ந்த கூரை, தடித்த தூண்கள், இருட்டு. மேலே உள்ளதில் மெல்லிய பளிங்குத் தூண்கள், வெளிச்சம். அதற்கும் மேலே மேற்குப் பக்கம் ஒரு மாடம், அங்கே பேரரசர். மேல் ஆலயத் தரையின் நடுவில் சதுரமாக ஒரு திறப்பு. கீழே நிற்கும் பணியாட்களுக்கும் பூசையின் சத்தம் கேட்கும். கண்ணில் படுவது அந்தச் சதுரம் மட்டும். யார் எந்த உயரத்தில் நின்று கடவுளைக் கும்பிட வேண்டும் என்பதைக் கொத்தனார் கல்லிலேயே தீர்மானித்துவிட்டார். இந்தப் பாகுபாடு நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் இவ்வளவு துல்லியமாக, தரையில் துளை போட்டு அளந்து கொடுத்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

மேல் ஆலயத் தூண்களில் ஒன்றில் ஒட்டுப்போட்டது போல ஒரு வளையம் இருக்கிறது. கோட்டைப் பாதிரியார் ஒருவர் சாத்தானிடம் பந்தயம் கட்டினாராம்: நான் பூசையை முடிப்பதற்குள் ரோமிலிருந்து நாலு தூண்களையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சாத்தான் நாலாவது தூணோடு வருவதற்குள் இவர் மந்திரத்தை வேகவேகமாகச் சொல்லி முடித்துவிட, அவன் ஆத்திரத்தில் தூணைத் தூக்கிப் போட, அது உடைந்ததாம். பூசையை வேகமாக முடிக்கிற பாதிரியாரைக் கேலிசெய்ய யாரோ கட்டிய கதை என்றே எனக்குப் படுகிறது.

வெளி முற்றத்தில் சின்ன வீடு ஒன்று. அதற்குள் கிணறு. பாறையைக் கையால் குடைந்து கிட்டத்தட்ட 50 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். வழிகாட்டிப் பெண் ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்த்துவிட்டு உதட்டில் விரல் வைக்கிறார். எல்லோரும் மனதுக்குள் எண்ணுகிறோம். தண்ணீர் தண்ணீரில் விழும் சத்தம் வருவதற்குள் குழந்தைகள் பொறுமையிழந்துவிடுகிறார்கள். முற்றுகை நாட்களில் இந்தக் கிணறு இல்லையென்றால் கோட்டையில் மற்ற எதற்கும் அர்த்தமில்லை. மன்னர்களின் பெயரெல்லாம் பலகையில் இருக்கிறது. இதைத் தோண்டியவர்கள் பெயர் எதிலும் இல்லை.

பக்கத்தில் உள்ள வட்டக் கோபுரத்தின் மரப்படிகளில் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். அந்தச் சிவப்பு ஓட்டுக் கூரைகளைப் பார்த்து ‘இடைக்கால அழகு’ என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டாம், ஆனால் நம்பவும் வேண்டாம். 1945 ஜனவரி 2 இரவு விழுந்த குண்டுகளில் பழைய நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டம். கோட்டையிலும் பெரும் சேதம். இரட்டைத் தேவாலயமும் இந்த வட்டக் கோபுரமும் ஏறக்குறைய தப்பின. மற்றதில் நிறைய பின்னால் கட்டியது. பழைய வரைபடத்தை வைத்து, பழைய கல் குவியலிலிருந்தே கல்லெடுத்து நிதானமாகக் கட்டியிருக்கிறார்கள். போலி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ வருவார் என்று இந்த வீட்டைச் சரிசெய்து வைப்பது இந்த ஊருக்கு நானூறு, ஐந்நூறு வருடப் பழக்கம்.

இனி தோட்டம். கோட்டைக்கு வடக்கிலும் மேற்கிலும் பிரம்மாண்டமான கொத்தளங்கள் நீண்டுகொண்டிருக்கின்றன. பீரங்கி வந்தபிறகு உயரமான மதிலால் பயனில்லை என்று தெரிந்ததும், அந்தோனியோ ஃபசூனி என்ற இத்தாலியப் பொறியாளரை வரவழைத்து 1538-இலிருந்து 1545 வரை இவற்றைக் கட்டினார்கள். குண்டை விழுங்க வேண்டும் என்பதற்காகத் தடித்த சுவருக்குப் பின்னால் மண்ணை நிரப்பினார்கள். அந்த மண்ணில் இப்போது புல்தரையும் ரோஜாவும் நிழல் மரங்களும். பீரங்கிகள் நின்ற மேடையில் ஆளுக்கொரு பெஞ்சு. முதியவர்கள் செய்தித்தாள் படிக்கிறார்கள். ஒரு மாணவி காலணியைக் கழற்றிவிட்டு ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். நுழைவுக் கட்டணம் இல்லை என்பதாலோ என்னவோ, உள்ளே பார்த்த சுற்றுலாக் கூட்டத்தில் பாதிக்கு மேல் இங்கே வரவே இல்லை. இடைக்காலத் தோட்டம் என்று நினைத்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இடைக்காலத்தில் இந்த மேடையே கிடையாது.

கோட்டைத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தோட்டம், மிகச் சின்னது. 1670-களில் அங்கே ஒரு பெண் புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். மரியா சிபில்லா மெரியன். பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். கணவர் யோஹான் கிராஃப் நியூரம்பெர்க்காரர், ஓவியர். மரியா ஊர்ச் செல்வந்தர் வீட்டுப் பெண்களுக்குப் பூத்தையலும் பூ வரையவும் கற்றுக்கொடுத்தார். மிச்ச நேரமெல்லாம் புழு. சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சி தானாக உண்டாகிறது என்று படித்தவர்களே நம்பிய காலம். மெரியன் புழுவைப் பிடித்து, அது எந்த இலையைத் தின்னும் என்று பார்த்து, அந்த இலையையே போட்டு வளர்த்து, கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாகும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் வரைந்தார். அதுவும் முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி, தின்ற செடி எல்லாம் ஒரே படத்தில். ஓர் உயிரை அதன் உணவோடும் இடத்தோடும் சேர்த்துக் காட்டியதில்தான் அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 1679-இல் ஐம்பது செப்புத்தகடு ஓவியங்களோடு அவருடைய கம்பளிப்புழுப் புத்தகத்தின் முதல் பாகம் இந்த ஊரில் வெளியானது. பேரரசரின் கோட்டைச் சுவரோரத்துச் செடிகளில் ஊர்ந்த புழுக்கள் அறிவியலில் இடம் பிடித்துவிட்டன. அந்த நேரத்தில் பேரரசர்கள் இங்கே எட்டிப்பார்ப்பதையே ஏறக்குறைய நிறுத்தியிருந்தார்கள்.

1682-இல் மெரியன் ஊரை விட்டார். 1699-இல், ஐம்பதைக் கடந்த வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். 1705-இல் அந்தக் காட்டுப் பூச்சிகளைப் பற்றிய பெரும் புத்தகம் வந்தது. யூரோ வருவதற்கு முன்பு ஜெர்மனியில் புழங்கிய 500 மார்க் நோட்டில் இருந்த முகம் அவருடையது. இந்தத் தோட்டத்தில் இப்போது அவர் படங்களில் வரும் செடிகளை வைத்து வளர்க்கிறார்கள். இலைகளில் ஓட்டை இருந்தால் தோட்டக்காரரைக் குறை சொல்லாதீர்கள்.

போகிறவர்களுக்கு: தோட்டங்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மாளிகை, கிணறு, வட்டக் கோபுரம் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கோபுரத்தை விட்டுவிடலாம், கிணற்றை விடக்கூடாது. ரப்பர் அடி வைத்த செருப்பு அவசியம். மழை பெய்தால் அந்தக் கல் பாவிய ஏற்றம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இன்னொன்று பாக்கி. பேரரசரின் மகுடமும் செங்கோலும் 1424-இலிருந்து 1796 வரை இந்த ஊரின் பாதுகாப்பில் இருந்தன. பிரெஞ்சுப் படைக்குப் பயந்து வெளியே அனுப்பினார்கள். அவை வியன்னா போய்ச் சேர்ந்தன. 1938-இல் ஹிட்லர் திரும்பக் கொண்டுவந்தார். போர் முடிந்தபோது அவை கிடைத்தது இந்த ஊரின் பாறைக்கு அடியில், ஒரு சுரங்க அறையில், விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்த பிறகு. அந்தச் சுரங்கத்துக்குள் அடுத்த வாரம் இறங்குவோம்.

(தொடரும்)