கண்ணாடியும் மண்ணும் சொல்லும் சாட்சி

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் மொழி. அதன் பொருளைச் சென்ற கோடை விடுமுறையில்தான் நான் நன்கு உணர்ந்தேன்.

ஆச்சி வீட்டில் ஒரு நாள் பிற்பகல், சாமான் அறையின் சன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன் அன்று காலை எங்கள் மாமரத்தில் கல்லெறிந்ததை நான் பார்த்திருந்தேன். எனவே, “அவன்தான் உடைத்திருப்பான்” என்று முதலில் சொன்னவள் நானே. அவன் “நான் இல்லை” என்று அழுதான். அவன் தாயாரோ நாலு அடி வைத்துவிட்டார். மாலையில் வந்த மாமா சன்னலருகே நின்று சற்று நேரம் பார்த்தார். “கல் வெளியிலிருந்து வந்திருந்தால் பெரும்பாலான சில்லுகள் அறைக்குள் அல்லவா விழுந்திருக்கும்? முற்றத்தில் ஏன் கிடக்கின்றன? உள்ளே கல்லையும் காணோமே!” என்றார். கதவைத் திறந்து பார்த்தோம். அறைக்குள் இருந்த ஏணி சன்னல் மேல் சரிந்து கிடந்தது. ஊறுகாய்ச் சாடியை எடுத்துவிட்டு அந்த ஏணியைச் சரியாகச் சாய்த்து வைக்காமல் வந்தவளும் நானே!

அன்று மாமா சொன்ன “தடயம்” என்ற சொல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. தடய அறிவியலைப் பற்றி நான் படித்து அறிந்தவற்றுள், நாம் அன்றாடம் காணும் கண்ணாடியையும் மண்ணையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொட்டால் ஒட்டும்

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1910ஆம் ஆண்டு எட்மண்ட் லோக்கார்ட் என்ற அறிஞர், நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் இரண்டு சிறு அறைகளில் காவல்துறைக்கான ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அவருடைய கொள்கை மிக எளியது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதேனும் ஒரு துகள் இடம் மாறுகிறது. சமையலறைக்குள் நுழைந்தவள் பாவாடையில் மாவோடு வருவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். குற்றம் செய்தவன் தன்னைச் சேர்ந்த ஏதோ ஒன்றை அங்கே விட்டுச் செல்கிறான். அந்த இடத்தைச் சேர்ந்த ஏதோ ஒன்றைத் தன்னோடு எடுத்தும் செல்கிறான்.

கண்ணாடி உடையும் விதம்

மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவதே நாம் காணும் சாதாரண சன்னல் கண்ணாடி. அதன் மீது கல் பட்டவுடன் அது சிறிது வளைகிறது. அப்போது கல் பட்ட பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே முதல் கீறல்கள் மறுபக்கத்தில் தோன்றி, சக்கரத்தின் ஆரங்கள் போல் நாற்புறமும் ஓடுகின்றன. அதன் பின்னரே அவற்றை இணைக்கும் வட்டக் கீறல்கள் உண்டாகின்றன.

ஆரக் கீறலில் உடைந்த சில்லின் விளிம்பைப் பக்கவாட்டில் உற்று நோக்கினால், சிப்பியின் மேல் உள்ளவை போன்ற வளைந்த வரிகள் தெரியும். அவை அடிபட்ட பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தோடு செங்கோணமாகச் சேரும். இதைக் கொண்டு அடி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று கூறிவிடலாம். ஒரே கண்ணாடியில் இரண்டு குண்டுகள் பாய்ந்திருந்தால் முந்தியது எது என்பதையும் அறியலாம். பிந்திய கீறல், முந்திய கீறலைத் தொட்டவுடன் நின்றுவிடும். ஆனால் காரின் பக்கக் கண்ணாடி போன்ற வலுவூட்டிய கண்ணாடி சிறு சிறு கட்டிகளாக நொறுங்கிவிடுவதால், அதற்கு வளைவரி முறை பயன்படாது.

கண்ணாடியை உடைப்பவன் மீதும் சில நுண்சில்லுகள் பின்னோக்கித் தெறிக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அத்துகள்கள் அவன் தலைமுடியிலும் சட்டை மடிப்பிலும் தங்குகின்றன. அவன் நடக்க நடக்க அவை உதிர்ந்து, சில மணி நேரத்திற்குள் பெரும்பாலானவை போய்விடும். ஆதலால்தான் ஆடைகளை விரைவில் கைப்பற்றித் தனித்தனியே உறையிட வேண்டும் என்கிறார்கள்.

மறைந்து போகும் கண்ணாடி

சட்டையில் கிடைத்த சில்லும் உடைந்த சன்னலின் சில்லும் ஒன்றா என்று எவ்வாறு கண்டுபிடிப்பது? பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் ஒளிவிலகல் எண் இங்கே உதவுகிறது. சன்னல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் பெரும்பாலும் 1.51க்கும் 1.52க்கும் இடையில் இருக்கும். ஆய்வாளர் சில்லைச் சிலிக்கோன் எண்ணெயில் இட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்து மெல்லச் சூடேற்றுகிறார். சூடேறும்போது எண்ணெயின் ஒளிவிலகல் எண் குறைந்துகொண்டே வரும். கண்ணாடியின் எண் ஏறக்குறைய மாறாது. இரண்டும் சமமாகும் வெப்பநிலையில் சில்லின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். இரு சில்லுகளும் ஒரே வெப்பநிலையில் மறைந்தால் அவற்றின் எண்ணும் ஒன்றே.

இந்த விந்தையை நாமும் செய்து பார்க்கலாம். நம் ஆய்வகத்தில் உள்ள போரோசிலிகேட் சோதனைக் குழாயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47. சமையல் எண்ணெய்க்கும் அது ஏறத்தாழ அவ்வளவே. குழாயில் எண்ணெயை நிரப்பி, எண்ணெய் உள்ள முகவையில் இறக்கினால், மூழ்கிய பகுதி மறைந்து போனது போல் தோன்றும்!

எனினும் ஒரே தொழிற்சாலையில் ஒரே சமயத்தில் செய்த கண்ணாடி எத்தனையோ வீடுகளுக்குச் செல்கிறது. எண் ஒத்திருப்பதால் மட்டும் “இது அந்தச் சன்னலின் சில்லே” என்று கூற முடியாது. எனவே அதில் கலந்துள்ள ஸ்ட்ரான்சியம், சிர்க்கோனியம் போன்ற தனிமங்களின் அளவையும் கருவிகளால் ஒப்பிடுகின்றனர். அப்போதும் வல்லுநர், “அங்கிருந்து வந்திருக்கலாம்” என்றே சொல்வார். எண்கள் தெளிவாக ஒவ்வாவிட்டால், “அங்கிருந்து வந்ததன்று” என்று உறுதியாகச் சொல்லலாம். குற்றமற்றவனைக் காப்பது இந்தச் சொல்லே அல்லவா?

மண் எழுதிய நாட்குறிப்பு

காலணியில் ஒட்டிய சேறு, ஒருவன் கடைசியாக எங்கே இருந்தான் என்பதைப் பல விசாரணைகளைவிட நன்றாகச் சொல்லும் என்ற கருத்தை ஆஸ்திரியாவின் ஹான்ஸ் குரோஸ் 1893இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துரைத்தார். இது உண்மை என்பதை ஜெர்மனியின் கியோர்க் பாப் என்ற வேதியியல் அறிஞர் காட்டினார்.

1908ஆம் ஆண்டு ராக்கென்ஹாசன் என்ற ஊரருகே மார்கரெத்தே ஃபில்பர்ட் என்ற பெண் கொலையுண்டார். ஓர் உழவர் மீது ஐயம் விழுந்தது. “நான் என் வயலில்தான் நடந்தேன்” என்றார் அவர். முதல் நாள் இரவே அவருடைய காலணிகளை மனைவி துடைத்து வைத்திருந்தார். ஆகவே அவற்றில் இருந்தது அன்று ஒரு நாளின் மண்தான். பாப் அதை அடுக்கடுக்காகப் பிரித்தார். தோலை ஒட்டிய முதல் அடுக்கில், அவர் வீட்டு வாசலில் கிடந்தது போன்ற வாத்தின எச்சம். அதன் மேல் புல். அதற்கு மேல், உடல் கிடந்த இடத்தைப் போன்ற செம்மணற்கல் துகள். கடைசியாக நிலக்கரி, செங்கல் தூள், சிமெண்டுத் துணுக்குகள். கடைசியில் சொன்னவை, அவருடைய கால்சட்டையும் துப்பாக்கியும் மறைத்து வைக்கப்பட்டிருந்த பாழடைந்த கோட்டையின் மண்ணை ஒத்திருந்தன. அவர் நடந்ததாகச் சொன்ன வயலின் கற்பொடியோ துளியும் இல்லை! நாட்குறிப்பின் பக்கங்களைப் புரட்டுவது போல் அந்த நாளை மண் சொல்லிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாப், கொலை நடந்த இடத்து மண்ணை மட்டும் பார்க்கவில்லை. “இங்கே இருந்தேன்” என்று அவர் கூறிய இடத்து மண்ணையும் எடுத்து ஒப்பிட்டார். அவர் கூறியது உண்மையாயின், அதே மண் அவரைக் காத்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரிலும் மண் பேசியது. 1944 நவம்பர் முதல் 1945 வரை ஜப்பான் 9,000க்கும் மேற்பட்ட காகிதப் பலூன்களில் குண்டுகளைக் கட்டி அமெரிக்காவை நோக்கிப் பறக்கவிட்டது. பலூனில் பாரத்திற்காகக் கட்டிய பைகளில் மணல் இருந்தது. அமெரிக்கப் புவியியல் அறிஞர்கள் அம்மணலின் கனிமங்களையும் நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகளையும் ஆராய்ந்தனர். அதில் பவளத் துகள் இல்லாததையும் கண்டனர். இவற்றைக் கொண்டு ஜப்பானின் கிழக்குக் கரையில் உள்ள இச்சினோமியா கடற்கரையைச் சுட்டிக் காட்டினர். பலூன்கள் ஏவப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று!

நம் நாட்டில்

இத்துறை நமக்குப் புதிதன்று. நஞ்சு முதலியவற்றை ஆராயும் வேதியியல் பரிசோதகர் ஆய்வுக்கூடம் சென்னையில் 1849ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டம், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதனை மாநிலங்கள் ஐந்தாண்டுகளுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். வேதியியலும் இயற்பியலும் தாவரவியலும் கற்ற பெண்கள் பலருக்கு இத்துறையில் வேலை காத்திருக்கிறது. நம் பள்ளி மாணவியரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

அன்புத் தோழியரே! கண்ணாடிக்கும் மண்ணுக்கும் வேண்டியவர், வேண்டாதவர் என்ற வேறுபாடு இல்லை. ஊர் வாய்க்கு அவை அஞ்சுவதும் இல்லை. நாமோ ஒருவன் மாமரத்தில் கல்லெறிந்ததைக் கண்டு, சன்னலையும் அவனே உடைத்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பொய்ச்சாட்சியைத் தடுக்கும் எட்டாம் கட்டளையை மனப்பாடமாக ஒப்பித்த நானே அப்படிச் செய்தேன். மறுநாள் காலை அந்தச் சிறுவன் வீட்டுக்குச் சென்று, அவன் தாயார் முன்னிலையில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அக்கா, மாங்காய் வேணுமா?” என்றான். முதல் நாள் வாங்கிய அடியின் தடம் அவன் கையில் அப்போதும் மறையாமல் இருந்தது. அதுவும் ஒரு தடயமே.