காலையில் நார்மல்... மாலையில் சரியும் கண் இமை: பக்கவாதமா, மயஸ்தீனியாவா?

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மாலையானால் ஒரு கண் இமை தானாக இறங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும். ‘ஸ்ட்ரோக் வந்துடுச்சோ?’ என்று வீடே பதறும். ஆனால் இது மயஸ்தீனியா கிராவிஸாகவும் இருக்கலாம். நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980களில் வந்தது இந்த நோய்தான்.

உடலில் என்ன நடக்கிறது?

நரம்பு நுனியிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம்தான் தசையை இயக்குகிறது. அதை வாங்கிக்கொள்ளும் தசையின் ஏற்பிகளை, பெரும்பாலானவர்களுக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கிவிடுகிறது. அதனால் தசை வேலை செய்யச் செய்ய சோர்ந்துபோகும்; ஓய்வெடுத்தால் தேறும்.

வித்தியாசம் எங்கே?

ஸ்ட்ரோக் திடீரென வரும். கை, கால் மரத்துப்போகலாம். மயஸ்தீனியாவில் மரத்துப்போகாது, பலவீனம் நேரத்துக்கு நேரம் கூடும், குறையும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கொஞ்ச நேரம் மேலேயே பார்க்கச் சொல்வார்கள்; இமை மெல்ல இறங்கும். அதன்மேல் ஐஸ் பேக்கை 2 நிமிடம் வைத்தால் பலருக்கு இமை மேலே ஏறும். அடுத்து ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் மின்சோதனை. ஆன்டிபாடி ‘நெகட்டிவ்’ என்றாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோய் உறுதியானால், தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என நெஞ்சில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். மாத்திரைகளால் பெரும்பாலானோர் இயல்பாக வாழ முடியும்.

இதை மறக்காதீங்க!

முகம், கை, பேச்சு திடீரென பாதித்தால் ‘சாயங்காலம் வரை பார்க்கலாம்’ என்று காத்திருக்காதீங்க. உடனே 108-ஐ அழைங்க. மயஸ்தீனியா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் வந்தாலும் அவசர சிகிச்சைதான்.