புறநகர் வளர்ச்சியும் ஏரிப் பாசனமும்

நகரங்கள் விரிவடைவதும், சுற்றியுள்ள கிராமங்கள் புறநகர்களாக மாறுவதும் காலத்தின் போக்கு. வேலைவாய்ப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து வசதி ஆகியவை இதனால் கிராமத்துக்கு அருகிலேயே வந்து சேருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வயல்கள் மனைகளாக மாறும்போது விளைநிலப் பரப்பு குறைகிறது என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கின்றனர். நிலம் முழுவதும் விற்பனையாவதற்கு நெடுநாள் முன்பாகவே அழிந்துவிடுவது, ஊரை ஒன்றாகக் கட்டிவைத்திருந்த ஏரிப் பாசன ஏற்பாடு. ஏரி ஆயக்கட்டு விவசாயிகள் இதைக் காலத்தோடு உணர்வது அவசியம்.

தாம்பரம் வட்டாரத்தின் பாடம்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்புகள் வளர்ந்தன. தாம்பரமும் பல்லாவரமும் அவற்றைச் சுற்றியிருந்த பல ஊர்களும் 2021-ஆம் ஆண்டில் ஒரே மாநகராட்சியாயின.

ஏரிகள் மிகுந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியே இது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஆகிய ஏரிகள் ஒரு சங்கிலிபோல் அமைந்தவை. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். கடைசியில் அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலை அடையும். இந்த ஏரிகளின் கீழ் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. இன்று அங்கே தெருக்களும் வீடுகளுமே உள்ளன.

பாசனம் குலையும் விதம்

ஓர் ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். சாலையை ஒட்டிய 10 ஏக்கர் முதலில் மனைப்பிரிவாகிறது. மீதி 90 ஏக்கருக்கு இதனால் என்ன குறை என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான ஏரிப் பாசனத்தில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. முக்கியக் கால்வாய்கள் மட்டுமே புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். சிறு வாய்க்கால்கள் பலவும் பட்டா நிலத்தின் ஊடே, பழக்கத்தின் பேரில் ஓடுபவை. மனை போடுகிறவர் மண் கொட்டி மேடாக்கும்போது அவை தூர்ந்து போகின்றன. கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. அந்த வயல்கள் தரிசாகின்றன; தரிசானவை அடுத்து விற்பனைக்கு வருகின்றன.

இரண்டாவதாக, மடை திறந்து முறைவைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல்லாகக் கூலி அளப்பது வழக்கம். சாகுபடிப் பரப்பு குறைந்தால் அவர் கூலியும் குறைகிறது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், மழைக்காலத்தில் கரையைச் சுற்றிப் பார்க்கவும் ஆளில்லை. குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வருவதும் நின்றுவிடுகிறது.

மூன்றாவதாக, ஏரியின் உள்வாயில் வீடுகள் வந்துவிட்டால் ஊருக்குள்ளேயே பகை மூளுகிறது. விவசாயிக்கு ஏரி நிரம்ப வேண்டும்; வீட்டுக்காரருக்கு அது நிரம்பக் கூடாது. வீடுகளின் கழிவுநீரும் வரத்துக் கால்வாயிலேயே விடப்படுவதால், ஏரி நீர் பயிருக்கும் ஆகாததாகிறது.

நிலம் விற்றவருக்குப் பணமாவது கிடைக்கிறது. குத்தகைக்குப் பயிரிட்டவருக்கும், நாற்று நட்டுக் களையெடுத்துப் பிழைத்த பெண்களுக்கும் அதில் பங்கில்லை. அவர்களில் பலர் அதே நிலத்தில் எழும்பும் கட்டடங்களில் சித்தாள் வேலைக்கும், பின்னர் அவ்வீடுகளில் வீட்டு வேலைக்கும் போகின்றனர். மேய்ச்சல் புறம்போக்கு சுருங்குவதால் கறவை மாடு வைத்திருந்த ஏழைக் குடும்பங்களும் அவற்றை விற்றுவிட நேர்கிறது.

வயலும் ஒரு நீர்த்தேக்கமே

ஒரு ஏக்கர் நெல் வயலில் 15 செ.மீ. உயரத்துக்கு வரப்பு இருந்தால், அது ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர் மழை நீரைத் தாங்கும். 100 ஏக்கர் ஆயக்கட்டு 6 கோடி லிட்டரைத் தாங்கி, மெதுவாக நிலத்தடிக்கு இறக்கும். அதே பரப்பு சிமெண்டுத் தளமாகிவிட்டால், இந்த நீர் முழுவதும் சில மணி நேரத்தில் தாழ்வான தெருக்களுக்கு ஓடிவிடும்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய மழையை வயல்கள் மட்டும் தடுத்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் வயல்களும் கால்வாய்களும் மறைந்த இடங்களில் பாதிப்பு பன்மடங்காயிற்று. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. புறநகர்க் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து லாரிகளில் தண்ணீர் சென்றது. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் மாறி மாறி வருவதற்கு, நீரைத் தேக்கும் இடம் குறைந்துபோனதே முக்கியக் காரணமாகும்.

இனி செய்ய வேண்டியவை

சென்னைப் பெருநகரப் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-ஆம் ஆண்டில் அரசு ஆணை பிறப்பித்தது. இந்தப் புதிய எல்லைக்குள் நெல் விளையும் ஏரி ஆயக்கட்டுகள் இன்னும் பல உள்ளன. அங்குள்ள விவசாயிகளும் மற்ற நகரங்களை ஒட்டிய விவசாயிகளும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடி, ஏரி, வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் ஆகியவற்றின் புல வரைபடங்களையும் 'அ' பதிவேட்டு நகலையும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். எல்லைக் கற்கள் இல்லையேல், நில அளவைக்கு இப்போதே மனுச் செய்ய வேண்டும். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் துணைபுரியும்.

2. நிலத்தை விற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அதில் ஓடும் வாய்க்காலின் நீள அகலத்தையும், அதை மூடக் கூடாது என்ற நிபந்தனையையும் கிரயப் பத்திரத்தில் எழுதச் செய்யுங்கள். அடுத்த வயல்காரருக்கு நீங்கள் செய்யும் பேருதவி இது.

3. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆகவே தரகரின் பேச்சை மட்டும் நம்பி முன்பணம் பெற வேண்டாம்.

4. நகர எல்லையை ஒட்டிய விவசாய நிலத்தை விற்றால் வருமான வரி உண்டு. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரமானால் அதன் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை இது பொருந்தும். விற்ற பணத்தில் 2 ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்குவோருக்குச் சட்டத்தில் சலுகை உள்ளது. விற்பதற்கு முன்பே தணிக்கையாளரைக் கலந்துகொள்க.

5. தொடர்ந்து பயிரிடுவோர், புறநகர்ச் சந்தையைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். 25 நாட்களில் அறுவடைக்கு வரும் முளைக்கீரை, மல்லிகை, சம்பங்கி, தீவனப்புல்லுடன் கூடிய கறவை மாடு ஆகியவை குறைந்த பரப்பில் அன்றாட வருவாய் தருபவை. கழிவுநீர் கலந்த ஏரியானால், நீரைப் பரிசோதனை நிலையத்தில் ஆய்வு செய்த பின்னரே பாசனத்துக்குப் பயன்படுத்த வேண்டும். அத்தகைய நீரைக் கீரைக்குப் பாய்ச்சவே கூடாது.

6. புதிதாகக் குடிவந்தோரின் நலச் சங்கங்களை ஏரிப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரி நிரம்பினால் அவர்கள் வீட்டுக் கிணற்றிலும் நீர் ஊறும். போக்குக் கால்வாய் திறந்திருந்தால் அவர்கள் தெருவில் வெள்ளம் நிற்காது.

ஆயக்கட்டு முழுவதும் வீடாகிப் போனாலும் ஏரிக்கு வேலை இல்லாமல் போவதில்லை. முன்பு நெல்லுக்கு நீர் தந்த ஏரி, இனி குடியிருப்போரைக் காக்க வேண்டும். கரையையும் கால்வாயையும் பேணும் முறை அறிந்தவர்கள் விவசாயிகளே. நிலம் கைமாறுவதற்கு முன்பாகவே அந்த அறிவையும் பொறுப்பையும் புதிதாக வந்தவர்களோடு பகிர்ந்துகொண்டால், ஊர் புறநகரானாலும் ஏரி ஏரியாகவே நிலைத்திருக்கும்.