குறைவாக உட்கொண்டு மிகுதியாகக் காயும் கோள்: வெள்ளியின் வெப்பச் சமநிலையும் எண்ணூரின் கந்தகப் புகையும்

சூரியனுக்கு அண்மையில் இருப்பதால்தான் வெள்ளிக் கோள் கொதிக்கிறது என்னும் விளக்கம் வகுப்பறைகளில் இன்றும் ஒலிக்கிறது. கணக்கு அதற்கு இடந்தரவில்லை. வெள்ளியின் தொலைவில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,600 வாட் சூரிய ஆற்றல் கிடைக்கிறது. புவியின் தொலைவில் 1,361 வாட். ஆயினும் வெள்ளியைச் சூழ்ந்த முகில்கள் அதில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பிவிடுகின்றன. கோளப்பரப்பு முழுமைக்கும் சராசரியாகப் பகிர்ந்தால், வெள்ளி உட்கொள்வது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 160 வாட். புவி உட்கொள்வதோ 240 வாட்.

வெப்பச் சமநிலை என்பது உட்கொண்ட ஆற்றலும் விண்வெளிக்கு வெளியேறும் ஆற்றலும் ஒத்திருப்பதாகும். 160 வாட்டை உமிழ, உறைநிலைக்குக் கீழே 45 பாகை செல்சியசு போதும். வெள்ளியின் உயர்முகில்களில் நிலவுவது ஏறத்தாழ அத்தகைய குளிரே. தரையிலோ 460 பாகை. அவ்வெப்பநிலையில் தரை சதுர மீட்டருக்கு 16,000 வாட்டுக்கு மேல் உமிழ்கிறது. கோளிலிருந்து விண்ணுக்குச் செல்வது அதில் நூறில் ஒரு பங்களவே. புவியைப்போல் 90 மடங்கு அழுத்தமுடைய, 96 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாலான வளிமண்டலம் அகச்சிவப்புக் கதிர்களை மீண்டும் மீண்டும் உறிஞ்சி உமிழ்வதால் வெளியேற்றம் தடைப்படுகிறது. முகிலைக் கடந்து கதிரொளி சிறிதளவேனும் தரையை எட்டுவதை 1972இல் வெனேரா 8 அளந்து காட்டியது. அவ்வளவீடு இல்லையேல் பசுங்குடில் விளைவு என்னும் விளக்கமே ஐயத்திற்குரியதாகியிருக்கும்.

அம்முகில்கள் கந்தக அமிலத் துளிகளால் ஆனவை. இங்குதான் வடசென்னை நினைவிற்கு வருகிறது. வெனேரா 7 வெள்ளியில் இறங்கிய 1970ஆம் ஆண்டிலேயே எண்ணூர் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது, தற்செயலான ஒற்றுமைதான். நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகி, காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. இத்துகள்களும் வெள்ளியின் முகிலைப்போலவே ஒளியைச் சிதறடித்து ஓரளவு குளிர்விக்கின்றன. அளவில் இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல; செயல்முறை ஒன்றே.

இதைக்கொண்டு, கந்தகப் புகையை நீக்கினால் வெப்பம் கூடுமே என வாதிடுவோர் உளர். வாதத்தின் முதற்பாதி உண்மை. ஆனால் சல்பேட் துகள் காற்றில் தங்குவது சில நாள்களே. வடகிழக்குப் பருவமழை அதைக் கழுவிவிடும். அதே புகைபோக்கி வெளியிடும் கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுகள் தங்கிக் குவிகிறது. ஆகவே நிழல் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். போர்வை தானே தடிக்கும். மேலும், வெள்ளியின் அமில மழை தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடுகிறது. எண்ணூர், திருவொற்றியூர் மக்களோ அந்நிழலைச் சுவாசிக்கின்றனர். அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் நடுவண் அரசு வரம்பு விதித்தது இச்சுவாசத்தின் பொருட்டே.