செம்புக் குடத்துக்குள் ஒரு கணக்கு

சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளில் செம்புக் குடங்களைப் பார்த்திருப்பீர்கள். குடம் முழுவதும் ஒரே உலோகம்தான். ஆனால், அதிலுள்ள அணுக்கள் எல்லாம் ஒரே நிறை கொண்டவை அல்ல. ஒவ்வொன்றிலும் 29 புரோட்டான்கள் உண்டு. சிலவற்றில் 34 நியூட்ரான்கள், மற்றவற்றில் 36. இவைதான் செம்பு-63, செம்பு-65 என்னும் ஐசோடோப்புகள். இயற்கைச் செம்பில் இந்த இரண்டு மட்டுமே உள்ளன.

இவற்றில் எது அதிகம்? கடையில் 1 கிலோ, 5 கிலோ அரிசிப் பைகள் மட்டுமே இருக்கின்றன, சராசரி எடை 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் மூன்று சிறிய பைகள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அணுக்களுக்கும் இதே வழிதான்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பல பள்ளி அட்டவணைகளில் செம்பின் சார்பு அணு நிறை 64. அது 63க்கும் 65க்கும் நட்டநடுவே இருப்பதால், பாதிக்குப் பாதி என்று விடை வரும். இன்னொரு புத்தகத்தில் 63.5 இருந்தால், செம்பு-65 வெறும் 25 விழுக்காடு! இரண்டுமே தவறு. இரண்டு ஐசோடோப்புகளுக்கும் இடையே உள்ள தூரமே 2தான். அதில் அரை அலகு நகர்ந்தால் விடை கால் பங்கு புரண்டுவிடும்.

துல்லிய எண்களை எடுப்போம். சராசரி 63.546. ஐசோடோப்புகளின் உண்மை நிறைகள் 62.930, 64.928. சராசரி, இலேசான அணுவைவிட 0.616 அதிகம். இரு அணுக்களுக்கும் உள்ள வேறுபாடு 1.998. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.308. ஆக, செம்பு-65 சுமார் 31 விழுக்காடு, செம்பு-63 சுமார் 69 விழுக்காடு.

பக்கத்தில் இருக்கும் பித்தளைக் குத்துவிளக்கில் செம்போடு துத்தநாகமும் கலந்திருக்கிறது. துத்தநாகத்துக்கோ இயற்கையில் ஐந்து ஐசோடோப்புகள். ஒரே ஒரு சராசரியை வைத்து ஐந்து அளவுகளைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அதற்கு நிறை நிறமாலைமானி வேண்டும். அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்துக் காந்தப் புலத்தில் ஓடவிட்டால், ஒரே வேகத்தில் வருபவற்றில் இலேசானவை அதிகமாக வளையும். தனித்தனியாகப் பிரித்து எண்ணிவிடலாம். 1919இல் இத்தகைய கருவியை உருவாக்கிய பிரான்சிஸ் ஆஸ்டன், 1922இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்.

நகைக் கடையில் இருக்கும் தங்கத்தில் இந்தக் கணக்குக்கே வேலையில்லை. இயற்கையில் தங்கம்-197 ஒன்றுதான். வெள்ளிக் கொலுசு அப்படியல்ல. அதன் இரண்டு ஐசோடோப்புகளின் நிறைகள் 106.905, 108.905, சராசரி 107.868. அட்டவணையில் 108 என்று பார்த்து வெள்ளி-108ஐத் தேடாதீர்கள், இயற்கை வெள்ளியில் அது கிடையாது. எது எத்தனை விழுக்காடு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.